சாப்பாட்டுத் திட்டம்: செயலியா, கிளினிக் தட்டா?

2023 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவின் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். எங்கள் தோட்டப் பட்டணத்திலும் வீட்டுக்கு வீடு மாத்திரை டப்பாதான், அதனால் கைப்பேசிச் செயலி சொல்கிறபடி சாப்பிடுவதா, கிளினிக்கில் சொல்கிற தட்டு முறைப்படியா என்ற கேள்வி முக்கியம்.

செயலி எடை, வயதெல்லாம் கேட்டு வாரப் பட்டியல் போட்டுத் தரும், கலோரி கணக்கும் பார்க்கும். சரி, உடம்பைக் குறைக்க நினைக்கும் இளையவர்களுக்கு அது போதும். ஆனால் நான் பார்த்தவற்றில் கீன்வா, சால்மன் என்றே வருகிறது. விடிவதற்குள் ரப்பர் பால்வெட்டுக்குப் போய், அப்புறம் ரொட்டி சானாயும் தே தாரிக்குமாகப் பசியாறுகிறவரை அது எப்படிக் கணக்கில் எடுக்கும்?

கிளினிக்கில் சொல்கிற தட்டு, அதாவது சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' (கால், கால், பாதி) தட்டுக்குக் கணக்கே வேண்டாம். பாதித் தட்டு காய், பழம். கால் தட்டு சோறு. மீதிக் கால் மீனோ கோழியோ முட்டையோ. பாசார் மாலாமில் வாங்கிய கங்கோங்கும் கெம்போங் மீனும் போதும்.

நோய் இருந்தால் கிளினிக்கில் உணவு ஆலோசகரைப் பார்க்கக் கேளுங்கள் என்பேன், ஏனென்றால் கிளிக்லசைட் போன்ற இனிப்புநீர் மாத்திரை போட்டுக்கொண்டு செயலி சொல்கிறதென்று வேளைச் சாப்பாட்டை விட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.