டுபாயில் வீடு பிடிக்க இங்கிருந்தே காசு அனுப்புகிறவர்கள் முதலில் இதை வாசியுங்கள்

ஆத்திரத்தில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் விட்டுவிடுங்கள். டுபாயில் வாடகைக்கு வீடு தருகிறேன் என்ற ஒரு தரகனை நம்பி 16,100 திர்ஹாம் போய்விட்டது. இலங்கைக் காசில் பதின்மூன்று இலட்சத்துக்கு மேல். பாதிக்கு மேல் நகை அடகு வைத்த காசு.

கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று வேலையே அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. தளபாடம் போட்ட ஸ்டூடியோ, இன்டர்நேஷனல் சிட்டிப் பக்கம், வருட வாடகை 46,000. நாலு தவணை என்றால் முதல் தவணை 11,500. முற்பணம் 2,300. தரகு 2,300. கூட்டிப் பாருங்கள், 16,100. ஒவ்வொரு தொகையும் அங்கே வழக்கத்தில் இருக்கிற தொகை. தரகு வருட வாடகையில் 5 வீதம் என்பது ஊரறிந்த விஷயம். ஒன்று மட்டும் இடித்தது: தளபாடம் இல்லாத வீட்டுக்குத்தான் முற்பணம் 5 வீதம், தளபாடத்தோடு என்றால் 10 வீதம் கேட்பார்கள். அந்தத் தரகன் 5 வீதம்தான் கேட்டான். "ஊர்ப் பிள்ளைக்குக் குறைச்சுத்தான் தாறன்" என்றான்.

திருகோணமலையிலிருந்து பெலோஷிப், பயிற்சி என்று இப்போது கொஞ்சப் பேர் அந்தப் பக்கம் போகிறார்கள். வைத்தியசாலை ஆக்கள், பொறியியல் படித்த பிள்ளைகள், துறைமுக வேலை தெரிந்தவர்கள். கடிதத்தில் தங்குமிடப் படி என்று ஒரு தொகை இருக்கும், வீடு தேடுவது உங்கள் பொறுப்பு என்று கீழே ஒரு வரியும் இருக்கும். அந்த ஒரு வரிக்குள்தான் இவ்வளவு சீரழிவும்.

அங்கே போய் இறங்கினால் என்ன நடக்கும் என்றால், முதலில் மருத்துவப் பரிசோதனை: இரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே. பிறகு கைரேகை. பிறகுதான் எமிரேட்ஸ் ஐடி, அந்த நாட்டு அடையாள அட்டை. ஐடி வந்தால்தான் வங்கிக் கணக்கு, கணக்கு வந்தால்தான் காசோலைப் புத்தகம். ஆனால் வீட்டுக்காரர் கேட்பது காசோலை. ஒரு வருட வாடகையை ஒன்று, இரண்டு, நாலு என்று பிரித்துப் பின்திகதியிட்ட காசோலைகளாக முன்கூட்டியே கொடுக்க வேண்டும். ஆக, வந்த புதிதில் ஒழுங்கான எந்த வீட்டையும் உங்களால் எடுக்க முடியாது. ஹோட்டல் காசு நாளுக்கு நாள் ஓடும். இந்த இடைவெளி கள்ளனுக்கு நல்லாய்த் தெரியும். அவன் அதற்குள்தான் கடை விரித்திருக்கிறான்.

விளம்பரம் இருந்தது வீடு, அறை, பெட் ஸ்பேஸ் (ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு) எல்லாம் போடுகிற ஒரு இணையத்தளத்தில். பேர் சொல்லவில்லை, அங்கே இருக்கிறவர்கள் ஊகிப்பீர்கள். "காசோலை தேவையில்லை, புதிதாய் வருகிறவர்களுக்கு விசேடம்" என்று போட்டிருந்தது. வட்ஸ்அப்பில் கேட்டதும் வீடியோ கோல் எடுத்தான். தமிழ். "தம்பி எந்த இடம்? திருகோணமலையோ! என்ர மனுசி உப்புவெளி. பத்திரகாளி அம்மன் கோயில் தேருக்கு வருசா வருசம் போற ஆக்கள் நாங்கள்." மாமியார் வீடு எந்த ஒழுங்கை என்றுகூடச் சொன்னான், பக்கத்துக் கடை பேர் சொன்னான். எல்லாம் சரியாக இருந்தது. வெளிநாட்டில் வீடு தேடுகிற ஒருவனுக்கு இதைவிட வேறென்ன சான்றிதழ் வேண்டும்?

பிறகு வீட்டைச் சுற்றிக் காட்டினான். குளியலறைத் தண்ணீரைத் திறந்து காட்டினான். ஏசிக்குக் கீழே கையை வைத்துக் காட்டினான். கதவுக்குப் பக்கத்தில் டீவா இலக்கத் தகடு இருந்தது, அதையும் காட்டினான். டீவா என்பது அங்கே மின்சாரமும் தண்ணீரும் தருகிற சபை. ஒவ்வொரு வீட்டுக்கும் வாசலில் ஒன்பது இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். வீடியோவில் ஒன்பது இலக்கம். அவன் அனுப்பிய ஒப்பந்தத்தில் எட்டு. கதவுப் பிடிக்குக் கீழே இலக்கம் அழுத்தித் திறக்கிற சின்னச் சாவிப் பெட்டி ஒன்று தொங்கியது. அது என்ன என்று கேட்டதற்கு, "துப்புரவுக்கு வாற ஆக்களுக்கு" என்றான். இல்லை. அது நாள் வாடகைக்கு விடுகிற விடுமுறை வீடுகளில் தொங்குகிற பெட்டி. மூன்று நாலு இரவுக்குப் பதிவு செய்து உள்ளே போய், அந்த நாட்களுக்குள் அகப்படுகிறவர்களுக்கெல்லாம் காட்டி, ஆளுக்கொரு ஒப்பந்தம் கொடுத்து, காசை வாங்கிக்கொண்டு வெளியேறுவது. அதுதான் தொழில்.

ஒப்பந்தம் பார்க்க உண்மையானதுதான். டுபாய் காணித் திணைக்களத்தின் பொதுப் படிவம், இலச்சினையோடு. அந்தப் படிவத்தை யாரும் இறக்கி நிரப்பலாம், அதில் ஒரு பெறுமதியும் கிடையாது. பெறுமதி இஜாரி என்கிற பதிவில்தான். வாடகை ஒப்பந்தத்தைத் திணைக்களத்தின் முறைமையில் பதிந்து எண் எடுப்பதுதான் இஜாரி. அது இல்லாமல் உங்கள் பேரில் டீவா இணைப்பு எடுக்க முடியாது, மனுசி பிள்ளைகளுக்கு விசா போட முடியாது. இஜாரிக்கு வீட்டு உறுதியின் பிரதி வேண்டும், உரிமையாளரின் அடையாளப் பிரதி வேண்டும். அவனிடம் இஜாரி எங்கே என்றால், "உங்கட எமிரேட்ஸ் ஐடி வந்த பிறகுதானே தம்பி பதியலாம்" என்றான். பாருங்கள் கெட்டித்தனத்தை. பாதி உண்மை. ஐடி வரும் வரைக்கும் அவனுக்கு அவகாசம். ஆனால் உறுதியைக் காட்டுவதற்கு என் ஐடி எதற்கு?

படிப்புச் சான்றிதழுக்கு வெளிவிவகார அமைச்சு முத்திரை, பிறகு கொழும்பில் எமிரேட்ஸ் தூதரக முத்திரை, பிறகு அங்கே போய் அவர்களுடைய அமைச்சின் முத்திரை என்று மூன்று கேட்கிறார்கள். கொடுக்கிறோம். வீட்டுக் காகிதத்துக்கு ஒரு முத்திரையும் யாரும் கேட்பதில்லை.

காசு கேட்ட விதம்: "இன்னும் ரெண்டு பேர் பார்த்துக்கொண்டு நிக்கினம். உங்களுக்காக நாளைக்குப் பின்னேரம் வரை பிடிச்சு வைக்கிறன்." ஐபான் எண் அனுப்பினான், அதாவது வங்கிக் கணக்கின் நீண்ட எண். ஏஇ என்று தொடங்கும், எல்லாம் சேர்த்து இருபத்து மூன்று எழுத்து, அது சரியாகத்தான் இருந்தது. கணக்குப் பேர் மட்டும் ஒப்பந்தத்தில் இருந்த உரிமையாளர் பேரும் இல்லை, கம்பனிப் பேரும் இல்லை, யாரோ தனி ஆள். "எங்கட கணக்காளர்" என்றான். டுபாயில் இருக்கிற மச்சான் முறையான ஒருவர் தன் கணக்கிலிருந்து 16,100 திர்ஹாமையும் ஒரே தரமாகப் போட்டார். பற்றுச்சீட்டு வந்தது, கம்பனி முத்திரையோடு, வரிப் பதிவிலக்கம் இல்லாமல்.

பெட்டியோடு போய் நின்றால் சாவிப் பெட்டியின் இலக்கம் மாறியிருக்கிறது. உள்ளே வேறு சனம், சுற்றுலாவுக்கு வந்த குடும்பம். கீழே இருந்த காவலாளி ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு, இதே காகிதத்தோடு வேறு ஆக்களும் வந்து போனார்கள் என்று சாதாரணமாகச் சொல்கிறான்.

அவனுடைய பதில்கள் முதலில் இப்படி: "தம்பி ஒரு சின்னச் சிக்கல், ஓனர் ஊரில இல்லை." பிறகு "ஞாயிற்றுக்கிழமை உறுதியாய்." பிறகு "அதைவிட நல்ல வீடு ஒண்டு இருக்கு, இன்னும் 3,000 போட்டால் போதும்." கவனியுங்கள், ஏமாற்றிய பிறகும் மேலே 3,000 கேட்கிறான். பிறகு ஒற்றை டிக்.

இணையத்தளத்துக்கு எழுதினால் இயந்திரம் பதில் போடுகிறது. மனிசர் ஒருவரைப் பிடித்தபோது, "நாங்கள் விளம்பரத்துக்கு இடம் கொடுப்பவர்கள் மட்டும், கொடுக்கல் வாங்கல் உங்களுக்கும் விளம்பரதாரருக்கும் இடைப்பட்டது" என்று வடிவாக ஒரு வசனம். அந்த விளம்பரத்தைத் தூக்கினார்கள். அதே படங்களோடு, வேறு பேரில், இடம் அல் நஹ்தா என்று போட்டுத் திரும்பவும் ஓடுகிறது. பச்சைத் திரைச்சீலையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட அடையாளம்கூட அப்படியே இருக்கிறது. வங்கி சொல்கிறது, நீங்களே அனுமதித்த பரிமாற்றம், எதிர்ப்பக்கம் சம்மதித்தால்தான் திருப்பலாம் என்று. பெலோஷிப் அலுவலகம் அந்த ஒரு வரியைக் காட்டியது. விடுமுறை வீட்டுக் கம்பனிக்குத் தங்கள் விருந்தினர் விபரம் தர முடியாதாம், பொலிஸ் கேட்டால் தருவார்களாம்.

வாடகைத் தகராறு மையம் என்று ஒன்று தேய்ராவில் இருக்கிறது. போகச் சொல்லி எல்லாரும் சொல்வார்கள். வருட வாடகையில் 3.5 வீதம் கட்டணம், குறைந்தது 500. 46,000க்கு 1,610 திர்ஹாம். ஆனால் அது வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் வழக்காடுகிற இடம். உண்மையான உரிமையாளரோடு உங்களுக்கு ஒப்பந்தமே இல்லாதபோது அங்கே யார்மேல் வழக்குப் போடுவது? இது பொலிஸ் விஷயம். டுபாய் பொலிஸின் இணையக் குற்ற முறைப்பாட்டுப் பக்கத்தில் முறைப்பாடு போட்டிருக்கிறேன். ஐபான், வட்ஸ்அப் உரையாடல் முழுவதும், வீடியோவில் எடுத்த படம், விளம்பர இணைப்பு எல்லாம் வைத்திருந்தால் போடலாம். அவன் அழிப்பதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகையும் இருக்கிறது, அது இதைவிட மெதுவாகக் கொல்லும். உண்மையான வாடகைக்காரனே உரிமையாளருக்குத் தெரியாமல் மேல்வாடகைக்கு விடுவது. 2007ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க வாடகைச் சட்டப்படி உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அது செல்லாது. சாவி வேலை செய்யும், ஏசி வேலை செய்யும், ஒருநாள் உரிமையாளர் வந்து கதவைத் தட்டும் வரைக்கும். பலகை அடித்துப் பிரித்த அறைகளும் அப்படித்தான், மாநகரசபை வந்தால் பெட்டி தெருவில்.

"சில்லர் ஃப்ரீ", அதாவது ஏசிக் குளிருக்குத் தனிக் காசு இல்லை, என்று போட்டிருந்தால் அதையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள். சில கட்டடங்களுக்குக் குளிர்நீர் வெளிக் கம்பனியிலிருந்து வரும். அதற்குப் பாவித்த அளவுக்கு ஒரு காசு, பாவிக்காவிட்டாலும் மாதாமாதம் நிலையான ஒரு காசு. கோடையில் 45 பாகைக்கு மேல் போகிற ஊரில் ஏசியை நிறுத்திவிட்டு இருக்க முடியாது. கடல்காற்றில் யன்னலைத் திறந்து படுத்த எங்களுக்கு இது விளங்க நாள் எடுக்கும். டீவா பில்லில் வருட வாடகையின் 5 வீதம் பன்னிரண்டாகப் பிரிந்து வீட்டு வரியாகவும் வரும், 46,000 வீட்டுக்கு மாதம் 190 சொச்சம். டீவா முற்பணம் 2,000 தனி. இதையெல்லாம் சேர்க்காமல் படிக்காசு போதும் என்று கணக்குப் போடாதீர்கள்.

விரிவாக எழுத இருந்தேன், இப்போதைக்கு இவ்வளவும்தான்.

போய் இறங்காமல் காசு போடாதீர்கள். முதல் மாதம் பதிவுள்ள ஹோட்டல் அப்பார்ட்மென்டில் இருங்கள், விலை கூடத்தான், 16,100 வராது. தரகரிடம் ரேரா (வீடு, காணித் தொழிலைக் கண்காணிக்கிற அரச அமைப்பு) அட்டையின் பி.ஆர்.என் என்கிற தரகர் பதிவு இலக்கத்தைக் கேட்டு, காணித் திணைக்களத்தின் டுபாய் ரெஸ்ட் செயலியில் நீங்களே போட்டுப் பாருங்கள், அவன் அனுப்புகிற படத்தை நம்ப வேண்டாம். விளம்பரத்தில் அனுமதி இலக்கமும் கியூஆர் குறியீடும் இருக்க வேண்டும், ஸ்கான் பண்ணினால் அதே வீடு வர வேண்டும். உறுதியில் இருக்கிற பேருக்கு மட்டும் காசோலையோ காசோ. வாசல் தகட்டின் இலக்கத்தை ஒப்பந்தத்தோடு எண்ணிப் பாருங்கள். உங்கள் கோயிலை, உங்கள் ஒழுங்கையைத் தெரிந்தவன் என்றால் இரண்டு மடங்கு கேள்வி கேளுங்கள்.

உப்புவெளியில் இப்படி ஒரு மருமகன் டுபாயில் வீட்டுத் தரகு செய்கிறார் என்று யாருக்காவது உண்மையிலேயே தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், இங்கே பேரைப் போட வேண்டாம். பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம் கிடைத்திருக்கிறது, அங்கே கொடுக்கிறேன்.