வேலூரில் வீடு வாங்க வருபவர்களுக்கு: செக்குபந்தி முதல் செட்பேக் வரை

வெளிநாட்டில் இருந்து மூன்று வார விடுப்பில் வந்து வேலூரில் வீடு முடிக்க நினைப்பவர்கள் முதல் இரண்டு வாரத்தை விலை பேசுவதிலேயே செலவழித்து, அளவு பார்ப்பதைக் கடைசி மூன்று நாளுக்குத் தள்ளிவிடுகிறார்கள். வரிசையை மாற்றுங்கள். பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வெளிநாட்டில் இருந்தபடியே இணையத்தில் பார்த்துவிடலாம். சர்வேயர் வரும் தேதி மட்டும் நம் டிக்கெட்டைப் பார்த்து அமையாது. அதனால் அத்து, அதாவது எல்லை, அளந்து காட்டும் மனுவை, நீங்கள் விமானம் ஏறும் முன்பே விற்பவர் பெயரில் போடச் சொல்லிவிடுங்கள்.

தேடும்போது முதல் முட்டுக்கட்டை மாவட்டம். பழைய பத்திரத்தில் வட ஆற்காடு என்றோ வேலூர் என்றோ இருக்கும். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி சொத்தைத் திருப்பத்தூரிலும், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் சொத்தை ராணிப்பேட்டையிலும் தேட வேண்டும். வேலூர் நகருக்குள் என்றால் கிராம சர்வே எண் மட்டும் போதாது. வார்டு, பிளாக், நகர சர்வே எண் மூன்றும் தேவைப்படும். இவை பத்திரத்தில் இல்லாவிட்டால் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து பத்திரத்தின் சொத்து விவரம். பலர் தலைகீழாகப் படிப்பது இதைத்தான். நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியில் ‘மனை எண் 14-க்கு வடக்கு’ என்றிருந்தால், 14 நமக்கு வடக்கே இல்லை. நம் மனைதான் 14-க்கு வடக்கே இருக்கிறது. ஆக 14 நம் தெற்கு எல்லை. ‘பொதுச் சந்துக்கு மேற்கு’ என்றால் சந்து நமக்குக் கிழக்கே. நான்கையும் ஒரு தாளில் வரைந்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு மனையைச் சுற்றி நடந்து பாருங்கள். எல்லை விவரமும் பரப்பும் முரண்பட்டால் நீதிமன்றம் பெரும்பாலும் எல்லையைத்தான் ஏற்கும் என்பதால், இந்த நான்கு வரிக்குச் சதுர அடியைவிட எடை அதிகம். ‘பொதுச்சுவர்’, ‘நடைபாதை பாத்தியம்’ (பிறர் நடந்து செல்லும் உரிமை) போன்ற சொற்கள் வந்தால் அங்கே நின்று படியுங்கள். அந்த இடம் பரப்பில் சேர்ந்திருந்தாலும் தனியாக உங்கள் கைக்கு வராது.

பத்திரம் ஜாதியடியில், அதாவது அடிக் கணக்கில் பேசும். பட்டா ஹெக்டேர், ஏரில் பேசும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 2,400 சதுர அடி மனைக்குப் பட்டாவில் 0 - 2.23 (0 ஹெக்டேர், 2.23 ஏர்) என்று இருக்க வேண்டும். 0 - 2.10 என்றிருந்தால் ஏறக்குறைய 140 சதுர அடி குறைகிறது. அது சாலைக்குப் போயிருக்கலாம், பக்கத்து மனையின் உட்பிரிவில் சேர்ந்திருக்கலாம். எப்படியானாலும் முன்பணத்துக்கு முன்பே காரணம் தெரிந்தாக வேண்டும். கூட்டுப் பட்டா என்றால் இன்னும் கவனம். பெயர்கள் வரிசையாக இருக்கும், புலப்படத்தில் நம் பங்குக்குத் தனிக் கோடு இருக்காது. உட்பிரிவு செய்து தனிப்பட்டா எடுத்துத் தரச் சொல்லுங்கள். புலப்படத்தை அச்செடுத்து அளவுகோல் வைக்காதீர்கள், அச்சில் அளவு சுருங்கும். கோட்டின் மேல் எழுதிய மீட்டர் எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

அளக்கும் நாளில் காம்பவுண்டு சுவரை எல்லை என்று யாரும் சொன்னால் ஏற்காதீர்கள். அத்துக்கல்லில் இருந்து அளக்கட்டும். பக்கத்து மனைக்காரரும் உடன் இருக்கட்டும். நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் பிடியுங்கள். 30-க்கு 40 அடி மனையில் இரண்டும் 50 அடி வர வேண்டும். பக்கங்கள் சரியாக இருந்தும் மூலைவிட்டங்கள் வித்தியாசப்பட்டால் மனை கோணல், பரப்பு 1,200 சதுர அடிக்குக் குறைவு.

கட்டிய வீடு என்றால் செட்பேக்கையும், அதாவது மனை எல்லைக்கும் சுவருக்கும் இடையே விட வேண்டிய இடைவெளியையும் பார்க்க வேண்டும். முன்புற இடைவெளியைச் சாலை அகலமும், பக்க இடைவெளியை மனை அகலமும் கட்டட உயரமும் தீர்மானிக்கின்றன. அனுமதி வரைபடத்தில் உள்ள எண்ணை எடுத்து, மனை எல்லையில் இருந்து வெளிச்சுவர் வரை அளந்து பாருங்கள். அடிக்கடி நடக்கும் தவறு மீட்டரை மூன்று அடியாக எடுத்துக்கொள்வது. ஒரு மீட்டர் 3 அடி 3 அங்குலத்துக்கும் மேல், 1.5 மீட்டர் கிட்டத்தட்ட 4 அடி 11 அங்குலம். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு, உரிமையாளரின் சுயசான்றிதழ் அடிப்படையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் அனுமதிக்கு முன் யாரும் நேரில் வந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால், அப்படி அனுமதி பெற்ற வீட்டை வாங்கும்போது அளக்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையது.

கோட்டைப் பக்கம் வீடு பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வேலூர்க் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் எல்லையில் இருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்குத் தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் தடையின்மைச் சான்று தேவை. பழைய வீட்டை வாங்கி இடித்துக் கட்டலாம் என்ற கணக்கு அங்கே பொய்த்துவிடும். காட்பாடியில் தண்டவாளம் ஒட்டிய மனை என்றால், ரயில்வே எல்லையில் இருந்து 30 மீட்டருக்குள் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று வேண்டும்.

வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் விவசாய நிலம் வாங்க முடியாது. ‘வீட்டு மனைதான்’ என்று வாயால் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, பட்டாவில் புன்செய் என்று இருப்பதைக் கவனிக்காமல் விடாதீர்கள். மனைப்பிரிவின் அனுமதி எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதிவுக்கு இருக்க முடியாதவர்கள் தாங்கள் வாழும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பும் அதிகாரப் பத்திரத்துக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தாள் கட்டணம் செலுத்திவிட வேண்டும். பதிவு முடிந்ததும் திரும்பும் முன் நான்கு மூலையிலும் கல் நட்டு, தேதியோடு படம் எடுத்து, பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்ற மனு போட்டுவிட்டுக் கிளம்புங்கள். பக்கத்தார் வேலியை நகர்த்தி 12 ஆண்டு அனுபவித்துவிட்டால், அந்தத் துண்டை மீட்கும் வழக்கே காலாவதியாகிவிடலாம்; ஆண்டுக்கு ஒருமுறை உறவினர் யாராவது போய் அந்தக் கற்களைப் பார்த்து வரட்டும்.