ஒரு கோப்பைத் தேடி ஒன்பது வருடம்

சிங்கப்பூரின் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கும் கேனிங் ரைஸ் ஏற்றத்தில் நான் முதன்முதலாக ஏறியது 2016-இல். தாத்தா செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளமான நேவல் பேஸில் வேலை பார்த்தவர். அவர் விட்டுப்போனவை எண் குத்திய ஒரு பித்தளை டோக்கனும், பங்குனி உத்திரத்தில் காவடியோடு நிற்கும் ஒரு படமும்தான். எந்தக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார், எப்போது காலி செய்தார் என்று பார்த்துவர ஒரு மத்தியானம் போதும் என்றுதான் கிளம்பினேன். ஒன்பது வருடம் ஆகிவிட்டது.

தேசிய ஆவணக் காப்பகத்தைப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு என் அனுபவம் உதவலாம். 1968-இல் தொடங்கிய காப்பகம் இது. 2012 முதல் தேசிய நூலக வாரியத்தின் கீழ் இருக்கிறது. நடுவில் கட்டடத்தை ஒன்றரை ஆண்டு மூடிப் புதுப்பித்து 2019 ஏப்ரலில் திறந்தார்கள். ஆனால் பாதி வேலைக்கு அங்கே போகவே வேண்டாம். ஆர்க்கைவ்ஸ் ஆன்லைன் தளத்தில் படங்கள், வரைபடங்கள், வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகள் எல்லாம் இருக்கின்றன. பேட்டிகள் எடுக்கும் பணி 1979-இல் தொடங்கியது. தமிழிலேயே பேசிய பேட்டிகளும் உண்டு. ராத்திரி சாப்பாட்டுக்கடை முடிந்ததும் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவற்றைக் கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. யாரோ ஒரு பெரியவர் ‘மேட்டுலேர்ந்து இறங்குனா நேரா சாப்பாட்டுக் கொட்டாய்’ என்று சொல்லும்போது தாத்தாவே பேசுவதுபோல இருக்கும்.

அரசாங்கக் கோப்புகள் வேறு கதை. தளத்தில் நீங்கள் காண்பது கோப்பை அல்ல, அதைப் பற்றிய ஒரு வரியை. தலைப்பு, எந்தத் துறையினுடையது, எந்த ஆண்டுகள், மைக்ரோஃபிலிம் எண், பார்க்கலாமா கூடாதா, அவ்வளவுதான். அந்தத் தலைப்பை ஐம்பது அறுபது வருடங்களுக்கு முன்பு ஒரு கிளார்க் தன் அவசரத்தில் எழுதியிருப்பார். ‘பலதரப்பட்டவை’ என்று அவர் எழுதிவிட்டால் உள்ளே உங்கள் குடும்பமே இருந்தாலும் தேடலில் வராது.

பெயர் இன்னும் மோசம். தாத்தா பெயர் வேலு. ஆங்கிலத்தில் கடைசியில் ‘யு’ போட்டுத் தேடினேன், இரட்டை ‘ஓ’ போட்டுத் தேடினேன், ‘வே’க்கு ‘ஏ’, ‘ஐ’ என்ற இரண்டு எழுத்தும் போட்டுத் தேடினேன். மூன்றும் மூன்று விதமான ஆட்களைக் கொண்டுவந்தன. இன்னும் பின்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் போனால் ‘தமிழர்’ என்று தேடிப் பயனில்லை. அந்தக் காலத்து ஆவணங்களில் நம்மை ‘கிளிங்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். இன்று வசையாகிவிட்ட அந்தச் சொல்லை நாமே தட்டச்சு செய்துதான் நம் ஆட்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.

2015-இல் காப்பகம் தொடங்கிய குடிமக்கள் ஆவணத் திட்டத்தில் கொஞ்ச காலம் நானும் சேர்ந்தேன். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து நீரிணைக் குடியேற்ற (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) ஆவணங்களின் கையெழுத்தைப் படித்து டைப் செய்து கொடுக்கும் வேலை. கண் போய்விடும். ஆனால் கிளார்க்குகள் எப்படி யோசித்தார்கள் என்று அங்கேதான் பிடிபட்டது. அப்புறம் என் தேடலும் கொஞ்சம் தேறியது.

கடைசியில் நேவல் பேஸ் குடியிருப்பைக் காலி செய்தது சம்பந்தமான ஒரு கோப்பின் தலைப்பு கிடைத்தது. பார்வைக்கு இல்லை என்று குறித்திருந்தது. இப்படிப்பட்ட கோப்புக்கு விண்ணப்பித்தால் காப்பகம் அதை ஒப்படைத்த துறைக்கு அனுப்பும். சரி என்று சொல்ல வேண்டியது அந்தத் துறைதான். எந்தத் துறை என்பது வேண்டாம். பல மாதம் கழித்து ஒரு வரியில் மறுத்துவிட்டார்கள். காரணம் இல்லை. ஏன் என்று கேட்க எனக்குச் சட்டமும் இல்லை, ஏனென்றால் சிங்கப்பூரில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கிடையாது. தனிமனிதர் விவரம் இருக்கும் என்று தயங்கினார்களோ என்னவோ. அந்தத் தயக்கம் புரியாமல் இல்லை. 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவுத் தளத்தில் பெயரைத் தேடினாலே முழு அடையாள அட்டை எண் வந்து, ஊரே கொதித்தது.

இதைத் தஞ்சாவூரில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் சொன்னபோது சிரித்தான். அங்கே 2005-இலிருந்து சட்டம் இருக்கிறது. தமிழ்நாடு 1997-லேயே தனியாக ஒன்று போட்டுவிட்டது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். அவனுக்கும் வந்தது. பாட்டன் காலத்து நிலப் பதிவேடு கேட்டிருந்தான். ‘கோப்பு அலுவலகத்தில் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து அனுப்பியிருந்தார்கள். எனக்குக் கோப்பு பத்திரமாக இருக்கிறது, கேட்கும் உரிமை இல்லை. அவனுக்கு உரிமை இருக்கிறது, கோப்பு இல்லை. யாருடைய நிலைமை தேவலை என்று அன்று ராத்திரி வாட்ஸ்அப்பில் சண்டையே நடந்தது. நான் என் பக்கம்தான் நின்றேன். மனது மாறினால் கோப்பைத் திறக்கலாம், கரையான் தின்றதை என்ன செய்வது?

எரித்ததையும்தான். கென்யாவின் மாவ் மாவ் கிளர்ச்சிக் காலத்தில் சித்திரவதைப்பட்டவர்கள் பிரிட்டன்மேல் போட்ட வழக்கு நடந்தபோது, 2011-இல், 37 முன்னாள் காலனிகளின் கோப்புகளை மறைத்து வைத்திருந்ததை பிரிட்டன் ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. அவற்றில் சிங்கப்பூருடையவையும் உண்டு. அந்தக் கோப்புகள் வழியாக இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. 1957-இல் மலாயாவைக் கைமாற்றியபோது கோலாலம்பூரிலிருந்து ஐந்து லாரிக் காகிதத்தை சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து, இங்கே கடற்படையின் எரியுலையில் போட்டிருக்கிறார்கள். தாத்தா அப்போது கடற்படை வேலையில்தான் இருந்தார். அந்த லாரிகளைப் பார்த்திருப்பாரோ?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் நாடாளுமன்ற விவாதப் பதிவுகள் 1955-லிருந்து இணையத்தில் இலவசம். அருமையான வசதி. தமிழில் பேசியது தனிக் கோப்பாக இணைந்திருக்கும், தவறாமல் திறந்து பாருங்கள். பிரிட்டிஷ் படை வெளியேறும் என்று 1968 ஜனவரியில் அறிவித்ததும் இங்கே எவ்வளவு பதறினார்கள் என்பதை அங்கேதான் படித்தேன். அரசாங்கத் தரவுத் தளத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளின் மறுவிற்பனை விலை 1990 முதல் கிடைக்கும். எண் என்றால் தாராளமாகக் கொடுப்பார்கள். ஒரு முடிவை ஏன் எடுத்தார்கள், யார் மறுத்தார்கள் என்ற குறிப்புகளுக்குத்தான் காத்திருக்க வேண்டும். 1965-இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது பற்றி அப்போதைய அமைச்சர் கோ கெங் சுவீ சேர்த்து வைத்திருந்த ‘அல்பட்ராஸ்’ கோப்பு முழுமையாகக் கண்காட்சிக்கு வந்தது 2025 டிசம்பரில்தான். அறுபது வருடம்! ஆனாலும் இத்தனை காலம் பத்திரமாக இருந்ததே என்று கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று ஆச்சரியப்பட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

என் கோப்புக்கு இரண்டாம் முறை விண்ணப்பித்தபோது, கேள்வியைச் சுருக்கி, எந்த ஆண்டு, என்ன உறவு, எதற்கு என்று தெளிவாக எழுதினேன். இந்த முறை அனுமதி வந்தது. பார்க்கலாம், நகல் கூடாது. வாசிப்பறையில் மைக்ரோஃபிலிமை உருட்டி உருட்டி, பென்சிலால் எழுதிக்கொண்டேன். குடியிருப்பவர் பட்டியலில் தாத்தா இருந்தார், இரட்டை ‘ஓ’ போட்டு. பக்கத்தில் வீட்டு எண்.

வெளியே வந்ததும் அத்தைக்கு போன் போட்டேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது.

“அது எங்க வீடே இல்லையே. அதுல மலையாளத்துக்காரவங்க இருந்தாங்க. நாங்க தண்ணிக் குழாய்க்கு இந்தப் பக்கம். எவனோ தப்பா எழுதி வச்சிருக்கான்.”

மறுநாள் அத்தை வீட்டுக்குப் போய், அவர் சொன்னதையெல்லாம் போனில் பதிவு செய்தேன். சேமிக்கும்போது தலைப்பு கேட்டது. அத்தையின் முழுப்பெயர், அன்றைய தேதி, ‘நேவல் பேஸ், தண்ணிக் குழாய்க்கு இந்தப் பக்கத்து வீடு’ என்று நீளமாகவே போட்டேன்.