மின்விசிறிக் கடையில் செய்த பந்தயப் பெட்டி

மின்விசிறி பழுதுபார்க்கும் கடையில் என் மகனின் கோ-கார்ட்டுக்கு (சிறிய பந்தய வண்டி) வேகத்தையும் எஞ்சின் சுழற்சியையும் பதிந்து வைக்கும் தரவுப் பதிவுப் பெட்டி செய்யக் கொடுத்ததைக் கேட்டு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பலர் சிரித்தார்கள். கடைக்கார அண்ணன் சிரிக்கவில்லை. "என்னென்ன அளக்க வேண்டும், தம்பி?" என்றார்.

ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினிச் சில்லு, பதிய மைக்ரோ எஸ்டி அட்டை, பின் அச்சில் காந்தமும் அதை உணரும் ஹால் உணரியும். பொறியை உணர ஸ்பார்க் பிளக் ஒயரின் மேல் நான்கு சுற்று மெல்லிய கம்பி. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் சுழற்சிக்கு ஒரு பொறி, எண்ணினாலே ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி) கிடைத்துவிடும். பழைய ரப்பர் ஆலையின் சிமெண்டு முற்றத்தில் ஓட்டிப் பார்த்தபோது பெட்டி நம்பவே முடியாத 40,000 ஆர்பிஎம் காட்டியது! அண்ணனிடம் கத்திவிட்டேன், இப்போது வெட்கமாக இருக்கிறது. பொறியின் மின்னிரைச்சல்தான் காரணம். மின்தடையுள்ள பிளக் மூடியும் உறையிட்ட ஒயரும் போட்டார், அடங்கிவிட்டது.

ஜிபிஎஸ்தான் குறை. வினாடிக்கு ஒருமுறை பதியும் மலிவானதை வைத்துவிட்டார். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் 20 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் விழும். வளைவே காணாமல் போகிறது. வினாடிக்குப் பத்து முறை பதியும் 10 ஹெர்ட்ஸ் கருவியைக் கேட்டு வாங்குங்கள்.

கூலி 150 ரிங்கிட். சொன்ன நாளுக்கு இரண்டு வாரம் தாமதம். போகும்போதெல்லாம் தேநீர் மட்டும் தவறாமல் வந்தது.