முன்னோரைத் தேட நிலத்தில் தொடங்குங்கள்: ஜிஎல்ஓ ரெக்கார்ட்ஸ் பயன்பாட்டு அனுபவம்

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மேற்கில் குடியேறியவரின் வம்சாவளியைத் தேடுவோர் பெரும்பாலும் சென்சஸில் தொடங்கி 1890இல் முட்டி நிற்பார்கள். 1921 தீ விபத்துக்குப் பின் அந்த ஆண்டின் ஏடுகள் அநேகமாக மிஞ்சவில்லை. நெடுநாள் புழங்கியதில் நான் சொல்வது, நிலத்தில் தொடங்குங்கள் என்பதே. அமெரிக்க அரசின் பழைய பொது நில அலுவலக (ஜெனரல் லேண்ட் ஆஃபிஸ்) ஆவணங்களைத் தரும் ஜிஎல்ஓ ரெக்கார்ட்ஸ் தளம் இலவசம். கூட்டாட்சி அரசு தனியாருக்கு எழுதிக்கொடுத்த முதல் பட்டாவின் நகல் அதில் கிடைக்கும்.

பட்டாவில் குடும்பச் செய்தி அநேகமாக இருக்காது. அது ஒரு சாவி மட்டுமே. மாநிலம், கவுண்டி (மாவட்டம்), குடும்பப்பெயர் மட்டும் கொடுத்துத் தேடுங்கள். முதற்பெயரை முழுதாகக் கொடுத்தால் முதலெழுத்து மட்டும் போட்டுப் பதிவானவர் தப்பிவிடுவார். கிடைத்ததும் நில அலுவலகம், ஆவண எண், எந்தச் சட்டப்படி வழங்கியது, நில விவரம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். 1908க்கு முன் ஒவ்வொரு நில அலுவலகமும் தனித்தனியாக எண் போட்டதால், வெறும் எண்ணை வைத்துக் கோப்பைக் கண்டுபிடிக்க முடியாது.

பலர் சறுக்குவது தேதியில். நெப்ராஸ்காவின் டேனியல் ஃப்ரீமேன் 1863 ஜனவரி 1 அன்று நிலம் கேட்டு மனுச் செய்தார். பட்டா வந்தது 1869இல். குடியேறி உழுபவருக்கு அரசு நிலம் தந்த ஹோம்ஸ்டெட் சட்டம் ஐந்தாண்டுக் குடியிருப்பைக் கேட்டது. பட்டாத் தேதியைக் குடிவந்த தேதியாக எழுதிவைத்த வம்சாவளி மரங்கள் இணையத்தில் ஏராளம். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை.

உண்மையான புதையல், அந்த நில மனுவுக்காக வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள கோப்பு. எப்போது வீடு கட்டினார், எத்தனை ஏக்கர் உழுதார், மனைவி மக்கள் எத்தனை பேர் என்று சாட்சிகளோடு சொன்ன வாக்குமூலம் அதில் இருக்கும். வெளிநாட்டில் பிறந்தவரென்றால் குடியுரிமைத் தாளும் இருக்கும். ரொக்கக் கிரயம் என்று பதிந்திருந்தால் ரசீது மட்டுமே தேறும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஐந்தாண்டு காத்திராமல் ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி முடித்த ஹோம்ஸ்டெட்களும் அந்தத் தலைப்பில்தான் வரும்; அவற்றின் கோப்பு தடிமனானது.

எனக்கு மிகவும் பிடித்த வசதி, பெயரை விட்டுவிட்டு, நில விவரத்தில் வரும் அளவைக் குறியீடுகளான டவுன்ஷிப், ரேஞ்ச், செக்ஷன் மட்டும் கொடுத்துத் தேடுவது. 640 ஏக்கர் செக்ஷனில் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் வரிசையாக வருவார்கள். மாமனார், மைத்துனர் பெரும்பாலும் பக்கத்து நிலத்தில்தான் இருப்பார்கள்; மனைவியின் பிறந்த வீட்டைப் பிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. நெப்ராஸ்கா, கொலராடோ, டகோட்டா என்றால் 1885 சென்சஸோடு ஒப்பிட்டு உறுதிசெய்யலாம்.

டெக்சாஸ், கென்டக்கி, டென்னசி, ஆதி 13 மாநிலங்களுக்கு இந்தத் தளம் உதவாது. நிலம் அந்தந்த மாநிலத்தின் கையில் இருந்தது. பாதியில் நிலத்தைக் கைவிட்டவருக்கும் பட்டா இருக்காது. அவர்களை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் உள்ள டிராக்ட் புத்தகங்களில் (நிலவாரியாக மனுக்களைப் பதிந்த ஏடுகள்) தேடுங்கள்; ரத்தான மனுக்களும் அங்கே பதிவாகியிருக்கும்.