சுளகா, மரப்பலகையா? தை மாத விருந்தினருக்கு எதை வைப்பது

பொங்கலையொட்டி எங்கள் திருநெல்வேலி வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வந்தபடி இருப்பார்கள். மாலை நேரத்தில் எல்லாருக்கும் இலை போட முடியாது. கூடத்தின் நடுவே பெரிதாக ஒன்றைப் பரப்பி வைத்துவிட்டால், பேசிக்கொண்டே அவரவர் எடுத்துக் கொறிக்கலாம். இந்த முறை ஒரு நாள் மரப்பலகையில் மலைச் சரக்கும், மறுநாள் சுளகில் (முறத்தில்) எங்கள் பக்கத்துக் கிழங்கு வகைகளும் வைத்துப் பார்த்தேன்.

பலகையில் கொடைக்கானல் சீஸ், ஊட்டி வர்க்கி, கேரட், கமலா ஆரஞ்சு, விருப்பாச்சி மலைவாழை. பார்க்க அழகு, வேலையும் குறைவு. சீஸை அரை மணி நேரம் முன்னதாக ஃப்ரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வைத்தால் போதும். வர்க்கி மட்டும் காற்றுப் பட்டால் நமுத்துவிடும். ஆட்கள் உட்கார்ந்த பிறகே அதை எடுக்க வேண்டும். 2008இல் புவிசார் குறியீடு பெற்ற விருப்பாச்சிப் பழத்தை நான் மனதாரப் பாராட்டுவேன். தோல் கறுத்துச் சுருங்கினாலும் உள்ளே சதை குழைவதில்லை. இப்படிப் பரப்பி வைக்க அதைவிடப் பொருத்தமான பழம் இல்லை.

ஆனால் அந்தப் பலகையில் தை மாதம் எங்கே? சீஸும் வர்க்கியும் வைகாசியிலும் கிடைக்கும். வர்க்கிக்கான மைதா எந்த மலையிலும் விளைந்ததில்லை. பருவத்தைச் சொன்னது ஆரஞ்சு ஒன்றுதான்.

சுளகில் வாழையிலை விரித்து வைத்ததெல்லாம் இந்த மாதத்துக்கே உரியவை: பனங்கிழங்கு, சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி, தோலோடு அவித்த பச்சைத் துவரங்காய், மொச்சைச் சுண்டல், கரும்புத் துண்டு, நெல்லிக்காய். ஆவணி வாக்கில் விழுந்த பனம்பழத்தின் கொட்டையை மணலில் புதைத்தால்தான் மார்கழி, தையில் கிழங்கு தோண்ட முடியும். அந்தக் காத்திருப்பின் ருசியை எந்தக் கடைச் சரக்கும் தராது.

பாடும் அதிகம்தான். சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தரையில் அடித்துத் தோல் உரிக்க வேண்டும். பனங்கிழங்கை மஞ்சளும் உப்பும் சேர்த்து அவித்து, நார் உரித்து, இரண்டாகப் பிளந்து நடுக்குருத்தை எடுக்க வேண்டும். பல் வலுவில்லாத பெரியவர்களுக்கு அதையே மிளகு, பூண்டு, உப்போடு உரலில் இடித்துச் சிறு உருண்டைகளாகப் பிடித்து வைத்தேன். முதலில் காலியானது அதுதான்.

இரண்டு மணி நேரம் தாங்குமா என்று பார்த்தால் சுளகு சற்றுப் பின்தங்குகிறது. பனங்கிழங்கு ஆறினாலும் குறையில்லை. சர்க்கரைவள்ளியும் அப்படியே. சிறுகிழங்கு ஆறினால் விறைத்துச் சப்பென்றாகிவிடும், அதைச் சுடச்சுடக் கடைசியில் கொண்டுவர வேண்டும். மொச்சையில் தேங்காய்த் துருவலை முன்கூட்டியே கலந்துவிடக் கூடாது, சீக்கிரம் ஊசிப்போகும். தொட்டுக்கொள்ள உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டி வைக்கலாம். பதனீர்க் காலம் இனிமேல்தான் என்பதால் அது போன ஆண்டுச் சரக்காகத்தான் இருக்கும். ருசியில் ஒரு குறையும் இல்லை.

கடைப் பலகாரத்தைப் பரப்புவது மூன்றாவது வழி. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் எனக்கு உயிர். ஆனாலும் அது ஆண்டு முழுவதும் கிடைப்பது, ஓரத்தில் ஒரு வரிசை போதும்.

பிள்ளைகள் பலகையின் பக்கமே நின்றார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. சீஸ் அவர்களை இழுத்தது. ஆனால் மறுநாள் பச்சைத் துவரங்காயை உரித்துத் தின்னக் கற்றுக்கொண்ட பிறகு சுளகை விட்டு நகரவில்லை. நெல்லையிலோ தூத்துக்குடியிலோ இருந்துகொண்டு ஒன்றைத்தான் வைக்க முடியும் என்றால் தயங்காமல் சுளகை எடுங்கள். பலகையிலிருந்து ஆரஞ்சையும் விருப்பாச்சியையும் மட்டும் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்குள் வைத்துவிடுங்கள். மாசி பிறந்தால் பனங்கிழங்கு முற்றி நார் ஏறிவிடும்.