பழைய பி.எஸ். 4 லாரி: யூரியா ஊற்றும் வண்டியா, ஊற்றாத வண்டியா?

சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் பழைய லாரி வாங்க வருபவர்கள், விலைக்கும் டயருக்கும் அடுத்தபடியாக, இது யூரியா ஊற்றும் வண்டியா என்று கேட்கிறார்கள். 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் வாகனப் புகை மாசுக்கு வரம்பு விதிக்கும் பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4) நெறி கட்டாயமானபோது, அசோக் லேலண்ட் தன் கனரக லாரிகளுக்கும் யூரியா தேவைப்படாத புகைச் சுழற்சி முறையை, அதாவது இ.ஜி.ஆர். முறையைத் தேர்ந்தெடுத்தது. டாட்டா நிறுவனம் திறன் குறைந்த இஞ்சின்களுக்கு இ.ஜி.ஆர். முறையையும், திறன் மிகுந்தவற்றுக்கு யூரியாக் கரைசலைக் கொண்டு புகையைத் தூய்மையாக்கும் எஸ்.சி.ஆர். முறையையும் வைத்தது. அந்த வண்டிகள் இப்போது கைமாறிக்கொண்டிருக்கின்றன. யூரியாச் செலவு இல்லை என்ற ஒரே காரணத்தால் இ.ஜி.ஆர். வண்டியே சிக்கனம் என்று முடிவு கட்டுவது, நெடுந்தூரம் முழுப் பாரம் ஏற்றும் உரிமையாளரைப் பொறுத்தவரை தவறான கணக்கு என்பது என் கருத்து.

இரண்டு முறைகளுக்கும் இலக்கு ஒன்றே. சிலிண்டருக்குள் எரிதலின் வெப்பம் ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது, காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. வெப்பத்தைக் குறைத்தால் இந்த நச்சு குறையும். ஆனால் எரிதல் முழுமையடையாமல் கரி மிகும், டீசலும் கூடுதலாகச் செலவாகும். வெப்பத்தை உயர்த்தினால் கரி குறையும், மைலேஜ் கூடும், நச்சு மிகும். இவற்றில் எந்தப் பக்கம் சாய்வது என்பதில்தான் இரு முறைகளும் பிரிகின்றன.

இ.ஜி.ஆர். முறை வெப்பத்தைக் குறைக்கும் வழி. வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் கூலர் வழியே குளிர்வித்து மீண்டும் சிலிண்டருக்குள் அனுப்புவதால், உள்ளே ஆக்சிஜனின் பங்கு குறைந்து எரிதல் தணிகிறது. இதற்கு நிரப்ப வேண்டிய திரவம் எதுவும் இல்லை. கட்டுப்பாட்டுக் கணினியான ஈ.சி.யு.வும் ஒரு வால்வும் சில சென்சார்களும் போதும். ஆனால் இஞ்சின் தன் கரியைத் தானே மீண்டும் உள்ளிழுக்கிறது. காற்று உள்ளே செல்லும் குழாயில் கரியும் எண்ணெயும் பிசினாகப் படிந்து வழியைச் சுருக்குகின்றன. ஆயில் விரைவில் கெட்டியாகிறது. நாளடைவில் கூலரின் உள்குழாய் வெடித்தால், வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே போகும். இதைக் கவனிக்காமல் ஓட்டுபவர், இஞ்சினின் மேல்பகுதியைக் கழற்றிச் செய்யும் ஹெட் வேலை வரை போக நேரிடும்.

எஸ்.சி.ஆர். இஞ்சினோ நன்கு சூடாகவே எரிய அனுமதிக்கப்படுகிறது. புகை வெளியேறும் வழியில் 32.5 விழுக்காடு யூரியாவும் மீதி தாதுக்கள் நீக்கிய நீருமான கரைசல் தெளிக்கப்படுகிறது. அது அம்மோனியாவாக மாறி, வினையூக்கியின் மேல் நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் பிரிக்கிறது. பொதுவாக 100 லிட்டர் டீசலுக்கு 3 முதல் 6 லிட்டர் வரை கரைசல் செலவாகும். முழுப் பாரத்தோடு நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு, சூடாக எரிவதால் மிச்சமாகும் டீசலே இந்தச் செலவின் பெரும்பங்கை ஈடுகட்டிவிடும். குறைந்த பாரத்தில் நின்று நின்று ஓடும் வண்டிக்கு அந்த ஈடு கிடைப்பதில்லை. புகை ஏறத்தாழ 200 டிகிரிக்குக் கீழே இருந்தால் கரைசலைத் தெளிக்கவே முடியாது, தெளித்தாலும் குழாயில் வெள்ளைக் கட்டியாக உறைந்துவிடும்.

கரைசலின் தரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பகுதியில் எஸ்.சி.ஆர். வண்டிகளைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். கொங்கு வட்டாரத்துப் போர்வெல் தண்ணீர் பல ஊர்களில் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்தது. அந்தத் தண்ணீரில் உர மூட்டை யூரியாவைக் கரைத்து ஊற்றினால், கால்சியமும் மக்னீசியமும் தெளிப்பு நாசிலையும் வினையூக்கியையும் அடைத்துவிடும். போதாக்குறைக்கு, 2015 முதல் உழவுக்கான யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட்டே வருகிறது. பயிருக்கு நன்மை செய்யும் அந்தப் பூச்சு இந்த அமைப்புக்குக் கேடு. மானிய உரத்தை வேறு பயன்பாட்டுக்குத் திருப்புவது சட்டப்படியும் குற்றம். முத்திரை உடையாத கேனில் வாங்குவதே பாதுகாப்பான வழி.

பழுது பார்ப்பதில் இ.ஜி.ஆர். முறைக்கு உண்மையான சாதகம் உண்டு. வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்வது நம் பட்டறைக்காரர்களின் கைக்கு எட்டும் வேலை. எஸ்.சி.ஆர். அமைப்பிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடு சென்சார் பழுதானால் புதிதாக மாற்றத்தான் வேண்டும், விலையும் அதிகம். தெளிப்பு பம்பும் அப்படியே. குறையைக் கண்டறிந்ததும் ஈ.சி.யு. இழுவையைக் குறைத்துவிடும் என்பதால், 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் பாரத்தோடு ஏறும் வண்டி அங்கேயே திணறும் ஆபத்தும் உண்டு.

இதற்குப் பயந்து, இ.ஜி.ஆர். வழியைத் தகடு வைத்து அடைப்பதும், யூரியா தெளிப்பதுபோல் ஈ.சி.யு.வை ஏமாற்றும் கருவியைப் பொருத்துவதும் சில இடங்களில் நடக்கின்றன. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சூடாக எரியும்படி வடிவமைத்த இஞ்சினில் தெளிப்பை நிறுத்தினால், அந்த நச்சு முழுவதும் சாலையோரம் குடியிருப்பவரின் மூச்சுக்குப் போகிறது. அடுத்து வாங்குபவர் தலையிலும் மறைந்த பழுது ஒன்று சுமத்தப்படுகிறது.

நீண்ட காலப் போக்கில் எந்த முறை வலுவானது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு விடை கிடைத்தது. அந்நாட்டின் 2010 புகை நெறிக்கு நேவிஸ்டார் என்ற லாரி நிறுவனம் யூரியா இல்லாமல் இ.ஜி.ஆர். முறையை மட்டும் நம்பி இறங்கியது. வரம்பை எட்ட முடியாமல் 2012இல் கம்மின்ஸ் நிறுவனத்தின் எஸ்.சி.ஆர். அமைப்பை ஏற்றுக்கொண்டது. நம் நாட்டிலும் கனரக வாகனங்களுக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு பி.எஸ். 4இல் கிலோவாட் மணிக்கு 3.5 கிராமாக இருந்தது, 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6இல் 0.46 கிராமாக இறங்கியது. சோதனை முறைகள் மாறியிருந்தாலும், ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கான இந்த அளவை இ.ஜி.ஆர். மட்டும் வைத்து எட்டுவது கனரக இஞ்சினுக்கு இயலாத காரியம். ஆகவே பி.எஸ். 6 கனரக டீசல் லாரி வாங்குபவருக்கு யூரியாவைத் தவிர்க்கும் தேர்வே கிடையாது. கரி வடிகட்டியான டி.பி.எஃப். சுத்திகரிப்பையும் அவர் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

பி.எஸ். 4 வண்டிகளுக்குள் தேர்வென்றால், திருப்பூரிலிருந்து தூத்துக்குடிக்கோ வடமாநிலங்களுக்கோ நிறைபாரம் ஏற்றுபவருக்கு எஸ்.சி.ஆர். வண்டியையே பரிந்துரைப்பேன். தீவன ஆலையிலிருந்து கோழிப்பண்ணைகளுக்குச் சுற்றி வரும் குறுந்தூர வண்டிக்கு, ஆயிலை உரிய காலத்துக்கு முன்பே மாற்றும் பழக்கம் உள்ளவராக இருந்தால், இ.ஜி.ஆர். வண்டி பொருந்தும். எஸ்.சி.ஆர். வண்டியைப் பார்க்கும்போது தெளிப்பு நாசிலைச் சுற்றி வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேனரைப் பொருத்தி, தெளிக்கும் அளவும் சென்சார் காட்டும் அளவும் ஓட்டத்துக்கு ஏற்ப மாறுகின்றனவா என்று உறுதி செய்யுங்கள், மாறாமல் நின்றால் ஏமாற்றுக் கருவி இருக்கலாம். இ.ஜி.ஆர். வண்டியில் காற்றுக் குழாயைக் கழற்றிக் கரியின் கனத்தைப் பாருங்கள்; ரேடியேட்டர் தண்ணீரைக் குறித்துவைத்து, பாரத்தோடு ஓட்டிவந்து இஞ்சின் ஆறிய பிறகு மீண்டும் அளந்து பார்த்த பின்னரே முன்பணம் கொடுங்கள்.